ஊளையிட்ட அம்பாசடர்

ஒன்றியச் செயலாளர் வைரக்கண்ணுவின் அம்பாசடர் காருக்கு ஒரு நோய் இருந்தது. அவர் பேசிய பேச்சைக் கேசட்டில் ஓடவிட்டால், பேச்சோடு கூடவே ஓர் ஊளையும் கேட்கும். கார் நின்றால் சன்னமாக முனகும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் குரலை ஏற்றிக்கொண்டே போகும். "ஏழை எளிய என் மக்களே" என்று அவர் தழுதழுக்கிற இடத்தில் டிரைவர் தங்கையன் வேகம் எடுத்தால் போச்சு, கூரைமேல் இருக்கிற இரண்டு குழாய் ஸ்பீக்கரும் சேர்ந்து இழுக்கும். களை பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து, "பாவம், காருக்கே பொறுக்கலடி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

சாதாரண நாளாக இருந்தால் வைரக்கண்ணு இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஆனால் தேர்தல் வருகிறது, சட்டசபைக்கு சீட் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய்த் தொண்டை வற்றப் பேசுவதற்குப் பதிலாக, ஒரே தடவை பேசிப் பதிவு செய்துகொண்டு காரில் ஊர்வலம் விடுவது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். பேச்சின் தலைப்பு 'குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே'. அந்தத் தலைப்பில் பேச அவரைவிடத் தகுதியான ஆள் அந்த ஒன்றியத்திலேயே கிடையாது, ஏனென்றால் அடுத்தவன் குடியிருக்கிற மனை அதிகமாக இருந்தது அவரிடம்தான்.

அப்படிப்பட்ட மனைகளில் பதினொன்று மேலநத்தம் வாய்க்கால் கரையில் இருந்தன. அவருடைய பண்ணையில் தலைமுறையாக உழுது நட்டவர்களின் வீடுகள். அதில் நாலாவது வீடு இருதயம்மாளுடையது. அவள் மகன் சவரிராஜ் திருவையாற்றில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். பண்ணையாட்கள் குடியிருக்கிற மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. திருவையாற்றுக்கும் மேலநத்தத்துக்கும் ஏழே கிலோமீட்டர்தான், இருந்தும் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. பஸ் வசதி சரியில்லை போலிருக்கிறது.

பதினோரு வீட்டுக்காரர்களும் சேர்ந்து பட்டா கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். வைரக்கண்ணு ஆட்சேபணை மனுக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை தாசில்தார் விசாரணை. பட்டா கிடைக்காவிட்டால் தை அறுவடை முடிந்ததும் வீட்டைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்று பண்ணையிலிருந்து சொல்லியாகிவிட்டது. இருதயம்மாளுக்கு அந்த வீட்டை விட்டால் போக வேறு இடம் இல்லை. மகனின் கடையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்கவே இடம் கிடையாது.

திங்கட்கிழமை காலை அம்பாசடர் சவரிராஜின் கடை வாசலில் வந்து நின்றது. வைரக்கண்ணுவே இறங்கினார். மேடையில் எல்லோரும் அவருக்குத் தம்பி, அவர் எல்லோருக்கும் அண்ணன். வாய்க்கால் கரைத் தெருக்காரர்கள் மட்டும் பழைய வழக்கப்படி 'ஐயா' என்று கூப்பிடுவதையே அவர் விரும்பினார். சமத்துவத்தை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும்.

"என்னடா சவரி, பெரிய மெக்கானிக் ஆயிட்டியாமே?"

"ஏதோ பார்க்கிறேங்க ஐயா."

"தஞ்சாவூர்ல மூணு பேரு பார்த்துட்டான். ஒருத்தனாலயும் முடியல. நீ இந்த ஊளையை நிறுத்து, நான் என் மனுவை வாபஸ் வாங்கிடுறேன். உங்க ஆத்தா பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

"பதினோரு வீட்டுக்குமாங்க?"

"பதினொண்ணுக்கும்தான். நான் என்ன கணக்குப் பார்க்கிற ஆளா?"

சவரிராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினெட்டு வருஷமாக அரசாங்கத்தால் முடியாததை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் முடித்துவிடலாம் என்றால் யாருக்குத்தான் தாங்கும்? வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

முந்தைய மூன்று பேரும் செய்ததை முதலில் அவனும் செய்து பார்த்தான். ஸ்பார்க் பிளக்குகளுக்குச் சத்தம் அடக்குகிற சப்ரஸர் மாட்டினான். டிக் டிக் என்று ஒரு சத்தம் போயிற்று, ஊளை போகவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவுக்கு ஒரு கண்டென்சர் போட்டான். ஊளை கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி தொடங்கியது. டைனமோ பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டினான், ஊளை இல்லை. ஆக, பிறக்கிற இடம் டைனமோதான், ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைகிற வழி எது?

புதன்கிழமை மத்தியானம் வழி தெரிந்தது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது பானட் ஓரத்தில் இருந்த கட்சிக் கொடிக்கம்பத்தின் போல்ட்டில் போய் முடிந்தது. தலைவர் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் தொண்டர்கள் அந்தக் கம்பத்துக்குக் கட்சி வர்ணம் அடிப்பார்கள். பக்தி மிகுதியில் போல்ட்டையும் விடவில்லை, வாஷரையும் விடவில்லை. எர்த் ஒயர் இரும்பைத் தொடவே இல்லை, நாலைந்து வருஷத்து வர்ணத்தின்மேல் சொகுசாகப் படுத்திருந்தது. சவரிராஜ் ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் அழுத்திப் பிடித்தான். ஊளை அறுத்துவிட்டது போல நின்றது.

தஞ்சாவூர் மெக்கானிக்குகள் மூன்று பேரும் இதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கட்சி வர்ணத்தைச் சுரண்ட வேண்டும், அதற்குள் மின்சாரம் போகாது என்று செயலாளரிடம் போய்ச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? சவரிராஜும் சொல்லப் போவதில்லை. கொடிக்கம்பத்தைத் தொடாமல், தடிமனான புது ஒயர் ஒன்றை நேராகப் பேட்டரிக்கு இழுத்து முறுக்கினான். கம்பம் தன் மரியாதையோடு நின்றது.

இன்ஜினை ஓடவிட்டு, கேசட்டைப் போட்டு, உள்ளே உட்கார்ந்து கேட்டான். தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதே, முழுப் பக்கமும் கேட்டான். அந்தப் பேச்சை முழுசாகக் கேட்ட முதல் மனிதன் அவனாகத்தான் இருப்பான், பேசியவரே கேட்டதில்லை. "நன்றி, வணக்கம்" வந்தது. "இன்னும் ஒன்று சொல்லி" என்று தொடர்ந்தது. மறுபடி நன்றி, மறுபடி இன்னும் ஒன்று. இதற்காகவே அவர் பேசும்போது டேப்பை யாரும் நிறுத்துவதில்லை. ஒரு தடவை முதல் வணக்கத்திலேயே நிறுத்தித் தங்கையன் கன்னத்தில் வாங்கியதிலிருந்து, கேசட் தானாக முடிகிற வரை ஓடட்டும் என்பது அங்கே சட்டம்.

ஐந்தாவது வணக்கத்துக்குப் பிறகு நாற்காலி நகர்ந்தது, டீ கிளாஸ் வைக்கப்பட்டது. தூரத்திலிருந்து பேசுவது போல, வைரக்கண்ணுவின் சொந்தக் குரல் கேட்டது. இத்தனை நாளும் ஊளை மூடி வைத்திருந்த குரல்.

"யோவ் வி.ஏ.ஓ., அந்தப் பதினோரு வீட்டையும் கணக்குல மாட்டுக் கொட்டகைன்னு எழுதிடு."

"ஆளுங்க குடியிருக்காங்களேண்ணே. மாடு ஒண்ணுகூடக் கிடையாதே."

"இருக்கிறதெல்லாம் மாடுதான்யா, எழுது. அப்புறம் நான் மனுவை வாபஸ் வாங்கி நல்ல பேரு எடுத்துக்கிறேன். கொட்டகைக்கு எந்தச் சட்டத்துல பட்டா குடுப்பான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கேசட் முடிந்து டக்கென்று நின்றது.

சவரிராஜ் கேசட்டை வெளியே எடுத்தான். அவன் அம்மா அறுபது வருஷம் அந்த ஆளின் வயலில் குனிந்தவள். கோபம் கொஞ்சம் ஆறியதும் பயம் வந்தது. கேசட்டைத் தாசில்தாரிடம் கொண்டுபோனால் திருட்டுப் பட்டம், பேசாமல் இருந்தால் வீடு போகும். வெகுநேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனிடம் கொடுத்த வேலை சத்தத்தை எடுப்பது மட்டும்தான், எடுத்தாகிவிட்டது. கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தான்.

வியாழக்கிழமை காலை வைரக்கண்ணு முதல் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு உருகிப் போனார். "என் குரலாடா இது!" என்றார். நல்ல பேரை எங்கே முதலில் எடுப்பது என்றும் முடிவு செய்துவிட்டார். சாயங்காலம் மேலநத்தம் வாய்க்கால் கரைத் தெரு. ஏதாவது கோளாறானால் பார்த்துக்கொள்ள சவரிராஜும் முன்சீட்டில் வர வேண்டும்.

கார் தெரு நடுவில் நின்றது. வைரக்கண்ணு இறங்கி, மனுவை வாபஸ் வாங்கிவிட்டதாக அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. பேச்சு குழாயில் கணீரென்று முழங்க, அவர் வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டே போனார். ஐந்தாவது வணக்கம் வந்தபோது அவர் தெருக்கோடியில் இருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் குழாயில் சின்ன முனகல்கூட இல்லை. நாற்காலி நகர்ந்தது. டீ கிளாஸ் வைக்கப்பட்டது.

"யோவ் வி.ஏ.ஓ., அந்தப் பதினோரு வீட்டையும்..."

கும்பிட்ட கை கும்பிட்டபடியே நிற்க, வைரக்கண்ணு திரும்பினார். "நிறுத்துடா!" என்று அலறினார். கேசட்டை நிறுத்திக் கன்னத்தில் வாங்கிய ஞாபகமோ என்னவோ, தங்கையன் அதைத் தொடாமல் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். முன்பு போல இருந்திருந்தால் அந்த ஊளை ஒன்றே அவரைக் காப்பாற்றியிருக்கும். சவரிராஜின் விரல் வால்யூம் குமிழ்மேல் இருந்தது. அணைத்துவிடலாம், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், அம்மாவுக்கு மட்டுமாவது ஏதாவது பார்த்துச் செய்யச் சொல்லலாம். அந்த விரல் அப்படித்தான் பழக்கப்பட்டிருந்தது. அவன் குமிழைக் கடைசிவரை திருகினான்.

"இருக்கிறதெல்லாம் மாடுதான்யா, எழுது."

தெரு முழுவதும் கேட்டது. வாய்க்காலுக்கு அக்கரையிலும் கேட்டது. முதலில் இருதயம்மாள்தான் வந்து காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் அடுத்த வீட்டுக் காளியம்மாள், அப்புறம் ஒவ்வொரு வீடாக. கார் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லை. வைரக்கண்ணு வரப்பு வழியாக நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் தன் வயலில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் யாரும் விசாரணைக்குத் தாலுகா ஆபீசுக்குப் போகவில்லை, காருக்கு முன்னாலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. வேறு வழியில்லாமல் தாசில்தாரே மேலநத்தம் வந்தார். அம்பாசடரின் பானட்மேல் பதிவேட்டை விரித்துவைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மாட்டுக் கொட்டகை, பதினொண்ணுன்னு போட்டிருக்கே. மாடுங்கள்லாம் எங்க?"

இருதயம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நாங்கதாங்க. எண்ணிப் பாத்துக்குங்க."