வெளிநாட்டு மாப்பிள்ளை

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். அந்தக் கல்யாணத்திலிருந்து தப்பி வந்தவளுக்கு வீடு பிடிக்க நான் ஒரே ஒரு பொய்தான் சொல்கிறேன்: "புருஷன் வெளிநாட்டுல இருக்காரு." புருஷனிடம் அடிபட்டு வந்த பெண்களைத் தங்கவைக்கும் இல்லத்தில் எனக்கு அதுதான் வேலை. பொய் சொல்வது இல்லை, வீடு பார்ப்பது. உள்ளதைச் சொன்னால் எந்த மகராசனும் சாவியைக் கண்ணில் காட்ட மாட்டான்.

இல்லத்துக்கு வந்திருந்த ஒரு தையல்காரிக்கும் அப்படித்தான் வீடு பிடித்தேன். அவளுக்குப் பெரியம்மா என்று சொல்லிக்கொண்டு நானே கூடப் போனேன். மாடியில் ஒற்றை அறை, தனிக் கழிப்பறை, உள்ளே உறுதியான தாழ்ப்பாள். கீழே வீட்டுக்காரம்மா குடியிருந்தார். எங்கள் இல்லத்தில் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினாலே அலறி எழுந்தவள், அங்கே போனபின் குறட்டை விட்டுத் தூங்குகிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு குஷி.

"ஏங்க பெரியம்மா, உங்க மாப்பிள்ளை வந்துட்டாருங்க! அவளுக்குச் சொல்லாம வந்து நிக்கணுமாம். முன் ரூம்ல டீ குடிக்கிறாரு. அவ தையல் கடையிலேருந்து வர்றதுக்குள்ள மாடியைத் திறந்து விட்டுரவா?"

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஐயோ, திறக்காதீங்கம்மா. அவன் வெளிநாடும் போகல, ஒரு மண்ணும் போகல. அவ கையை உடைச்சவனே அவன்தான். உங்ககிட்ட நான் சொன்னது பொய்."

போன் கட்டாகிவிட்டது.

தையல் கடைக்குச் சொல்லி அவளை அங்கேயே இருக்க வைத்தேன். போலீசுக்கும் சொல்லிவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினேன். வாசலில் வீட்டுக்காரம்மா மட்டும் நின்றார். முகம் சிவந்து கிடந்தது.

"போயிட்டான். அவன்கிட்ட, மாடிச் சாவியைக் காணோம், பூட்டை உடைக்கணும், சாட்சிக்குப் போலீசைக் கூப்பிட்டிருக்கேன்னேன். டீயை அப்படியே வச்சிட்டு ஓடிட்டான்." பிறகு என்மேல் பாய்ந்தார். "வாய் கூசாம பொய் சொன்னீங்களே! வெளிநாட்டுலேருந்து வந்துட்டீங்களான்னு நானே எடுத்துக் குடுத்தேன். ஆமான்னு கப்புனு பிடிச்சுக்கிட்டான்."

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உள்ளதைச் சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருக்க மாட்டேன்," என்றார் அவர். "ஆனா இப்ப காலி பண்ணச் சொல்ல மாட்டேன். அவ இருக்கட்டும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அவனுக்கு இடம் தெரிஞ்சு போச்சேம்மா. இனிமே இங்க அவ கண்ணை மூடுவாளா?"

வீட்டுக்காரம்மா உடனே தன் தங்கைக்குப் போன் போட்டார். ஊரின் மறுகோடியில் அவளுடைய வீட்டில் ஓர் அறை காலியாம்.

"ஒரு பொண்ணுக்கு வீடு வேணும்டி. தங்கமான பொண்ணு."

தங்கை என்ன கேட்பாள் என்பது எனக்கு மனப்பாடம். பழக்கதோஷம், பதில் என் வாய்வரை வந்துவிட்டது.

"புருஷனா? இதே ஊர்லதான் இருக்கான். அடிக்கிறவன்," என்றார் வீட்டுக்காரம்மா. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சு. வேண்டாம் என்றுதான் பேசுகிறாள் என்று தெரிந்தது. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நீ பயப்படறது சரிதான்டி. எனக்கு யாரும் சொல்லல, நானே கதவைத் திறந்து அவனை உக்கார வச்சேன். உனக்குச் சொல்லிட்டேன், நீ திறக்காதே. சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன், சாவியை எடுத்து வை."