வெடிக்காத வாணம்

விஸ்வநத்தத்துக்கு அடுத்த ஊரில் ஏழு வருசம் கழித்துக் கண்மாய் நிறைந்தது. வீட்டுக்கு ஒருநாள் கரைக்காவல் என்று ஊர் கூடி முடிவு செய்தது. ஊரே வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் ஆகாது என்பதால், கரை கசிந்தால் வாணம் விட்டுக் கூப்பிட வேண்டும்.

மாரிசெல்வியின் முறையன்று மதியம், கரையில் எலிவளை அளவு ஓட்டை விழுந்து தண்ணீர் கொப்பளித்தது. பதறிப்போய் வாணத்தைக் கொளுத்தினாள். மதுரைக்கே கேட்டிருக்கும். ஊரில் ஒரு கோழிகூடத் திரும்பவில்லை. நாளுக்கு நூறு வெடி சோதிக்கிற ஊரில் சத்தத்தை யார் சட்டை செய்வார்கள்? இரண்டாவதும் வீணானது. ஓட்டை குடம் அளவு ஆனது.

மூன்றாவது வாணம் முந்தின இரவு மழையில் நனைந்திருந்தது. சீறிக்கொண்டு மேலே போய், வெடிக்காமலே விழுந்தது.

அவ்வளவுதான், சீறின வாணம் வெடிக்கவில்லையே என்று தொட்டில் பிள்ளை தவிர மொத்த ஊரும் கரைக்கு ஓடிவந்தது.

"ஏத்தா, இது எந்தக் கம்பெனி சரக்கு? மருந்த அடைச்சாகளா, கோலமாவ அடைச்சாகளா?" என்று கத்தினார், ஊரிலேயே பருத்த முத்துக்கருப்பன்.

"மாமா, விசாரணைய அப்புறம் வச்சுக்கிடுங்க. மொதல்ல அந்த ஓட்டையில உக்காருங்க!" என்றாள் மாரிசெல்வி.

உட்கார்ந்தார். ஒரு சொட்டு கசியவில்லை. நாற்பது பேர் மண்மூட்டை அடுக்கி முடிக்கும்வரை அவரை எழவிடவில்லை.

இப்போதெல்லாம் காவலுக்குப் போகிறவர் கையில் ஊர் நனைந்த வாணத்தைத்தான் கொடுக்கிறது. நனைத்துக் கொடுப்பது முத்துக்கருப்பன் பொறுப்பு.