அழித்த பிறகும் ஓடிய கம்ப்யூட்டர்

ஆரோக்கியதாஸ் வாத்தியார் ஏழு வருஷமாகச் சேர்வராயன் மலையின் செடிகொடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிவந்தார். எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. தொண்ணூற்றொன்பது ஐப்பசியில் அது அடிக்கடி நின்றுபோக, பெங்களூரில் வேலைபார்த்த மகள் லூர்துசெல்வி லீவு போட்டுப் புதியது ஒன்றோடு ஏற்காட்டுக்கு வந்தாள். அவர் தமிழ் அடித்த பழைய புரோகிராம் புதியதில் ஓடவில்லை. அதனால் புதியதற்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, பழையதை அப்படியே ஒரே பெரிய ஃபைலாக அதற்குள் குடியேற்றினாள். மறுநாளே பழையது ஒரேயடியாக அடங்கிவிட்டது. இனிப் புத்தகம் இருந்தது அந்த ஒரே ஃபைலில்தான்.

சில நாள் கழித்து ஒரு காலை பொய்க் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. "புளுகுது," என்று முணுமுணுத்தாள் செல்வி. ஓடுவதற்கு அடையாளமாக அது போட்டுவைக்கும் பூட்டு ஃபைல் எங்கோ மிச்சமிருக்க வேண்டும், அதை அழித்தால் சரியாகிவிடும். முழுப் பெயரை அடிக்கச் சோம்பி, பாதி அடித்து, மிச்சம் எதுவானாலும் சரி என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அழிக்கச் சொல்லித் தட்டினாள்.

அதே பெயரில் தொடங்கிய பெரிய ஃபைலும் சேர்ந்தே போயிற்று.

திரையில் வந்த ஃபைல் பட்டியலில் அது இல்லை.

"என்ன கண்ணு, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"அப்பா, புத்தகத்த அழிச்சுப்போட்டனுங்க."

வாத்தியார் காப்பி டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் தடுமாறினார். பிறகு, "ஒருக்கா ஆஃப் பண்ணிப் போட்டா வந்துருமில்ல?" என்று சுவர் சுவிட்சுக்குக் கை நீட்டினார். "நேத்து இடி இடிச்சப்பக்கூட அந்தப் படத்த மட்டுந்தான் மூடிவுட்டேன். மெசின நிறுத்தவே இல்ல."

செல்வி துள்ளி எழுந்தாள். அவர் மூடியது திரையில் தெரிந்த ஜன்னலை மட்டும். அப்படியானால் உள்ளே அது நேற்றிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறது! ஓடுகிறவரை ஃபைலை விடாது. போனது பட்டியலில் இருந்த பெயர் மட்டுமே, உள்ளிருப்பது இன்னும் வட்டில் இருக்கிறது. கரண்ட் போனால் எல்லாம் போகும்.

"தொடாதீங்கப்பா!"

வீடே அதிர்ந்தது. அவர் விரல் சுவிட்சின் மேலேயே நின்றது.

பல்பு மங்கி மங்கி எரிந்தது. அவள், ஓடிக்கொண்டிருப்பதன் பிடியிலிருந்த ஃபைலை வேறிடத்துக்குப் பிரதி எடுக்கக் கட்டளை அடித்தாள். மூன்று தடவை எழுத்துப் பிழை. நாலாவது தடவை சரியாக விழுந்தது.

பிரதி முடிந்ததும் திறந்து பார்த்தார்கள். புத்தகம் முழுசாக இருந்தது. மஞ்சக்குட்டை ஓடைப் பெரணி பற்றி அவர் பாதியில் விட்ட வரிவரைக்கும்.

வாத்தியார் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ போட்ட சத்தத்துல உசிரே போயிருச்சு, சாமி."

"எனக்குந்தானுங்கப்பா," என்றாள் செல்வி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.