நாலாவது மாடியில் நின்ற லிப்ட்

மகளுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமாக லிப்ட் மெக்கானிக்கின் மனசு ஒரு நிலையில் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் கல்லூரி விட்டு அவள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். கேட்டால் "லைப்ரரி" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போன் அடித்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" என்று இரண்டு தடவை அதட்டியும் பார்த்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் சின்ன வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள், நாற்காலியை இழுத்துக்கொண்டு அம்மா பக்கம் போய்விட்டாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. மடியில் கனம் இல்லாதவள் எதற்கு அப்பனை விட்டு விலகி உட்கார வேண்டும்?

அவள் குழந்தையாக இருந்தபோது கவலைக்கெல்லாம் பதில் கீழ்வீட்டில் இருந்தது. அங்கே ஒரு நர்சக்கா. பால் கக்கினாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால் போதும். பள்ளிக்கூடம் போனபின் கணக்கு வரவில்லை என்றால் கிளாஸ் டீச்சர் இருந்தார். இப்போது? பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பழக்க தோஷத்தில் நர்சக்காவிடமே போய் நின்றார். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல தம்பி. அவகிட்டயே கேளுங்க."

அக்கா கழற்றிவிடுகிறாள் என்று அவருக்குப் பட்டது. ஒருவேளை அக்காவுக்கும் ஏதோ தெரியுமோ என்று அவள் மேலும் ஒரு சந்தேகம் விழுந்தது.

கம்பெனியில் அவருடன் வேலை பார்ப்பவரை எல்லோரும் 'வாத்தியார்' என்பார்கள். எதைக் கேட்டாலும் பாடம் எடுப்பார், அதனால் வந்த பேர். அவர் சொன்ன யோசனை வேறு.

"கேட்டா பொய்தான் வரும். பதினெட்டு ஆயிடுச்சில்ல, இனிமே கையெழுத்துப் போட அப்பன் வேணாம். பின்னாடியே போய்ப் பாருங்க."

அன்று மாலை மனைவி குரலைத் தாழ்த்தி, "பிள்ளைய சந்தேகப்படாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு, மகளுடைய பையிலிருந்து எடுத்த ஒரு துண்டுச் சீட்டை அவளே நீட்டினாள். 'வெள்ளி, நாலரை, நாலாவது மாடி' என்று எழுதியிருந்தது. யாருடைய கையெழுத்து என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றார். மகள் தனியாகத்தான் வந்தாள். பஸ்ஸில் முன்பக்கம் ஏறினாள், இவர் பின்பக்கம். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்குள் நுழைந்தாள். அந்தக் கட்டடம் அவருக்கு அத்துப்படி. மாதம் ஒருமுறை அங்கே லிப்டுக்கு எண்ணெய் போடுகிறவரே அவர்தான்.

அவள் ஏறிய லிப்டின் கதவு மூடியபின் ஓடிப்போய் மேலே எரிகிற எண்ணைப் பார்த்தார். இரண்டு, மூன்று, நான்கு. நின்றுவிட்டது. நாலாவது மாடியில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். திருமணப் பதிவு செய்துகொடுக்கிற ஒரு வக்கீல்.

லிப்ட் இறங்கி வரும்வரை பொறுக்காமல் படியில் ஏறினார். மூச்சு வாங்க வக்கீல் அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே நடுத்தர வயதில் ஒரு ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் நிமிர்ந்தார்.

"என்ன மெக்கானிக், லிப்ட் நின்னுடுச்சா?"

"இல்ல சார், சும்மா பாத்தேன்" என்று உளறிவிட்டு வெளியே வந்தார்.

எதிர்க்கதவில் ஒரு பலகை தொங்கியது. காது கேட்கும் திறனைச் சோதிக்கிற இடம், பயிற்சி மாணவர்கள் நடத்துவது, கட்டணம் கிடையாது. அது போன மாதம் அங்கே இல்லை. கதவைத் திறந்தார். உள்ளே கண்ணாடி வைத்த சின்னக் கூண்டு ஒன்று. அதற்குள் மகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய ஒரு பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு இளம்பெண் கருவியில் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். மகள் பொத்தானை அழுத்தவே இல்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். அப்போதும் இல்லை.

அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"நீங்க எங்கப்பா இங்க? லிப்ட் ரிப்பேரா?"

டூல் பை தோளிலேயே இருந்தது. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தும்விட்டது.

"இல்லம்மா. உன் பின்னாடியே வந்தேன். நீ யாரையோ..."

மகள் அவர் வாயையே பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"இடது பக்கம் கேக்கலப்பா. ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. நரம்புல கோளாறாம். மிஷின் வச்சா ஓரளவு கேக்குமாம். வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"ஒரு வருஷமாவா? எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"சின்ன வயசுல நான் தும்மினாலே வீடு ரெண்டாகும். அம்மா அழுவாங்க, நீங்க ஊரெல்லாம் யோசனை கேப்பீங்க. பதினெட்டு ஆனா தனியாவே போய்க் காட்டலாம்னு காலேஜ்ல சொன்னாங்க. என்னன்னு முழுசா தெரிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மேசையில் அவர் உட்கார்வது அவளுடைய இடது பக்கம், அதனால்தான் அவள் நாற்காலியை மாற்றிக்கொண்டிருக்கிறாள். காதில் பஞ்சா என்று கேட்டவரும் அவர்தான்.

"மன்னிச்சிடும்மா."

"காது போனதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கலப்பா" என்றாள். "என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே."

"எங்க போனேன்னு கேட்டீங்க. எப்படி இருக்கேன்னு கேக்கல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவளே சொன்னாள். அம்மா அழுதாள். பையைத் துழாவியதையும் அழுகையோடு ஒப்புக்கொண்டாள். அம்மாவோடு அன்றே சமாதானமாகிவிட்டாள். அப்பாவோடு மட்டும் நான்கு நாள் பேச்சில்லை. கம்பெனியில் வாத்தியார், "என்ன ஆச்சு, பாத்தீங்களா?" என்று துருவியபோது, "பாத்தேன், நான்தான் தப்பு" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை, அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து முன்னால் நின்றாள்.

"வியாழக்கிழமை மிஷினுக்கு அளவு எடுக்கறாங்க. கூட யாராவது வந்தா நல்லதுன்னு சொன்னாங்க."

"அம்மா வரட்டுமா, நான் வரட்டுமா?"

அவள் யோசித்தாள்.

"நீங்க வாங்க. ஆனா என்கூடவே வரணும். ஒரே வாசல்ல ஏறணும்."

"சரிம்மா" என்றார். ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அவள் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, தலை நிமிர்ந்து அவள் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"இப்ப எப்படிம்மா இருக்க?"

"கொஞ்சம் பயமா இருக்குப்பா" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.