அட்டை தேய்க்கிறவளிடம் கேட்ட கேள்வி

1

இந்தக் கதை எனக்கு வேலை நேரத்தில்தான் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் பெயர் வெர்லின் டகெட். ஒஹையோவில் எங்கள் ஊர்க் கல்லூரியின் சாப்பாட்டுக் கூட வாசலில் உட்கார்ந்து, மாணவர்களின் அட்டையை வாங்கி இயந்திரத்தில் தேய்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. பத்தொன்பது வருஷமாகிறது. ஊழியர்கள் கட்டணமில்லாமல் ஒரு மாலை வகுப்பில் சேரலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள், கதை எழுதும் வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் ஒரு கதை கேட்டார். என்னிடம் இருந்தது என் மகள் அமாயாதான்.

2

முதல் தொடக்கம்:

"வசந்தகாலத்தின் இளங்காலையில், பச்சைப் புல்வெளியின் மீது கனவுகளைச் சுமந்தபடி அமாயா—"

(அடித்துவிட்டேன். அன்று தூறல். புல்வெளி முழுக்க வாத்து எச்சம். அமாயா சுமந்தது ஒரு நோட்டு.)

இரண்டாவது தொடக்கம்:

"அமாயாவுக்கு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்தது."

இது நன்றாக இருக்கிறது. தேவாலயத்தில், முடி பின்னிவிடும் கடையில், பெட்ரோல் பங்கில் என்று ஒருவரையும் விடாமல் இதைச் சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். அமாயாவுக்கு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்தது.

3

ஒன்று, நான் வேலை செய்யும் இதே கல்லூரி. சின்னது, பெரிய பெயர், ஊழியரின் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டாவது, நாற்பதாயிரம் பேர் படிக்கிற மாநிலப் பல்கலைக்கழகம். மூன்றாவது அலபாமாவில், எங்கள் கறுப்பின மக்களுக்கென்றே தொடங்கப்பட்டது. அதன் வாத்தியக் குழு தெருவில் இறங்கினால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு வரும்.

அமாயா நோட்டில் மூன்று கட்டம் போட்டாள்: படிப்பு, கூட்டாளிகள், வளாகத்தின் குணம். கல்லூரியைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் மாணவன் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டே சிரிப்பானே*, அவனை அவள் நம்பவில்லை. போகிற கல்லூரியில் எல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், அங்கே வேலை செய்பவரிடம் ஒரே கேள்வி கேட்டாள்: உங்கள் சொந்தப் பிள்ளையை இங்கே அனுப்புவீர்களா?

(* எப்படி விழாமல் நடக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

மாநிலப் பல்கலைக்கழகத்தில் முட்டை பொரிக்கிறவர், தன் மகன் முதல் வருஷம் கூட்டத்தில் காணாமல் போனதையும், இரண்டாம் வருஷம் ஒரு கூட்டாளி கிடைத்துத் தேறியதையும் சொல்லியிருக்கிறார். அலபாமாவில் சமையல்காரம்மா தன் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பாதிக் கருவிகள் ஓடாது, அதையும் எழுதிக்கொள் என்றாராம்.

4

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லாத பாத்திரம், அம்மா. முதல் வரைவில் அவள், "உனக்கு எது பிடிக்குதோ அதுல சேரு கண்ணு" என்கிறாள். பொய். இடம் கிடைத்த மறுநாளே எங்கள் கல்லூரியின் பெயர் போட்ட ஸ்டிக்கரைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியவள் அவள். மகள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் இருக்க வேண்டும், தினமும் மதியம் அவள் அட்டையைத் தன் கையால் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

5

முடிவு சொல்ல வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்னால், மதிய வரிசையில் விருந்தாளி அட்டையோடு அமாயா வந்து நின்றாள். என்னைத் தெரியாதவள் மாதிரி.

"மேடம், உங்க சொந்தப் பொண்ணை இந்தக் காலேஜுக்கு அனுப்புவீங்களா?"

வரிசை நிற்கிறது, தள்ளிப் போ என்றேன். அவள் நகரவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சூப் ஊற்றுகிற ஓடெல் கரண்டியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் எனக்குத்தான். நான்—

(இங்கே மூன்று நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.)

"படிப்புக்குன்னா கண்ண மூடிக்கிட்டு அனுப்புவேன்," என்றேன். "இங்க வாத்தியாருங்க சாப்பிடும்போதுகூட பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தராங்க. நான் பாக்குறேன். ஆனா நம்மள மாதிரி பிள்ளைங்க எல்லாம் அந்த ஜன்னலோர மேசையிலதான் உக்காருறாங்க, வருஷா வருஷம். யாரும் அவங்கள வரவேணாம்னு சொல்லல. வான்னும் கூப்பிடல."

"அப்போ அனுப்ப மாட்டீங்க."

"அவ அங்க ஒதுங்கி உக்காந்தா எனக்கு வயிறு எரியும். நடு மேசையில போய் உக்காந்து வம்பளந்தான்னா சந்தோஷமா இருக்கும். ரெண்டுல எதைச் செய்வான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவளையே கேளு."

அவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். "தேங்க்ஸ் மேடம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எங்கே உட்கார்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்தது.

"அக்கா, மேலதிகாரி காதுல விழுந்தா உன் வேலை போயிரும்," என்றான் ஓடெல்.

"நீ சூப்ப ஊத்து," என்றேன்.

6

முடிவு அ: அவள் இங்கேயே சேர்கிறாள், நடு மேசை. (வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு ஆ: அலபாமா. பேருந்து நிலையத்தில் நான் அழு— (வேண்டாம்.)

முடிவு இ: நாற்பதாயிரம் பேரில் ஒருத்தி.

"எதைத் தேர்ந்தெடுத்தாள்?" என்று ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார். கெடு முடிந்துவிட்டது, அவள் முடிவு சொல்லிவிட்டாள், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அந்தக் கல்லூரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அவளை விட்டுவிடுவீர்கள். மூன்றில் எது வேண்டுமோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கல்லூரித் தலைவர்கள், பேராசிரியர்கள், நன்கொடை கொடுத்தவர்கள் என்று எத்தனையோ பேர் என்னைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார்கள். இந்தக் கல்லூரி எப்படி என்று என்னிடம் கேட்டவள் ஒருத்திதான். அவளை நான் பெற்றேன்.