தொட்டது தெரிகிறதா

பக்கத்து வீட்டில் வேம்புலியம்மாளின் குரல் கேட்டதும் ஜெயசீலி ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். எண்பத்தேழில் மேனாம்பேடு முழுக்க வீடு வீடாய்ப் போய்த் தோலில் வெளுப்பு இருக்கிறதா என்று பார்த்துவந்த தொழுநோய்க் கணக்கெடுப்புக்காரி அவள். அடுத்தது இந்த வீடுதான்.

ஜெயசீலியின் இடது கையில், ரவிக்கைக் கை முடிகிற இடத்தில், எட்டணா அகலத்துக்கு வெளுத்திருந்தது. கல்யாணமான நாள் முதல் புருஷன் எட்மண்டுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. பாடியில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறவன்தான், ஆனால் பேச உட்கார்ந்தால் பெரிய ஞானி. உண்மையைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், எது அழகோ அதுதான் உண்மை, அழகு பொய் சொல்லாது என்பான். சொல்லிவிட்டு அந்த இடத்தில் ஒரு முத்தமும் வைப்பான்.

போன மாதம் அப்பளம் பொரிக்கையில் அங்கே எண்ணெய் தெறித்தது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே அவளுக்குத் தெரிந்தது. வெளுத்த இடம் மரத்திருந்தால் அது எந்த வியாதி என்று கேள்விப்பட்டிருந்தாள்; அன்றோடு தூக்கம் போயிற்று. இந்த வியாதி என்றால் ஊர் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? முதலில் தட்டு தனி, அப்புறம் பாய் தனி, கடைசியில் ஆளே தனி. அழகில் மயங்கியவன் மட்டும் கூட இருப்பானா? அவனிடம் அவள் மூச்சுவிடவில்லை.

உள்ளே வந்த வேம்புலியம்மாளின் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். பஞ்சைத் திரித்து எடுத்தாள். கண்ணை மூடிக்கொள், நான் தொடுகிற இடத்தை விரலால் காட்டு என்றாள். ஜெயசீலி மூடின மாதிரி மூடி, இமைக்கடியில் பார்த்தாள். பஞ்சு இறங்கியது, காட்டினாள். மறுபடி இறங்கியது, காட்டினாள். மூன்றாவது தடவை பஞ்சு கிட்டே வந்ததுமே காட்டினாள். தப்பித்தோம் என்றிருந்தது.

"இப்ப நான் தொடவே இல்லியேம்மா," என்றாள் வேம்புலியம்மாள்.

குரலில் கோபமில்லை. அதுதான் இன்னும் பயமாயிருந்தது. ஆறு மாதம் மாத்திரை தின்றால் போய்விடும், ஒளித்தால்தான் கை கால் கெடும் என்று மெல்லச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து எட்மண்ட் முதல் ஷிப்டு முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பஞ்சைப் பார்த்தான், மனைவியின் கையைப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் சிரித்தான்.

"அத்தப் போய் இன்னாத்துக்குப் பாக்குறீங்கோ? அழகாத்தான கீது," என்று வெளுத்த இடத்தில் விரலை வைத்தான்.

சிரித்து மழுப்பினால் இன்றைக்குத் தப்பலாம். வேம்புலியம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலி கண்ணை இறுக மூடினாள், இந்தத் தடவை நிஜமாகவே.

"நீங்க தொடறது எனக்குத் தெர்லீங்க. முத்தம் குட்த்ததும் தெர்ல. ஒரு நாளும் தெர்ல."

அவன் விரல் இன்னும் அங்கேதான் இருக்கிறதா, எடுத்துவிட்டானா? கண்ணைத் திறந்தால்தான் அவளுக்குத் தெரியும். திறக்கப் பயமாயிருந்தது.