கறுத்துப்போன பச்சோந்தி

பச்சோந்தி நதியாவின் விரலில் முதன்முதலாக ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் பின்வேலியை வெட்டியபோது, காலில் அடிபட்டுக் கிடந்ததை அவள்தான் எடுத்துவந்திருந்தாள். வாசலில் இருந்த செம்பருத்திச் செடியில் விட்டு, ஒரு மாதத்துக்கு மேல் தினமும் காலையில் ஒரு வெட்டுக்கிளியோடு அசையாமல் எதிரே உட்கார்ந்தாள். தொடப்போனால் உடம்பு கறுக்கும். வாயைப் பிளந்து சீறும். மேலிருந்து வரும் கைக்குத்தான் பயம் என்று புரிந்தபின் கையைக் கீழிருந்து நீட்டினாள். செக்கிங் டேபிளில் பகலெல்லாம் நின்று துணியில் ஓட்டை தேடுகிறவளுக்கு, எதையும் தேடாத அந்த அரைமணி நேரம் பிடித்திருந்தது. அந்த ஞாயிறன்று அது ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, விரலைப் பற்றியது. பச்சை மாறவில்லை. அவள் மூச்சுவிடக்கூடப் பயந்தாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கம்பெனியில் சொன்னது எப்படியோ முதலாளியின் மனைவி இந்துமதியின் காதுக்குப் போனது.

"ஏனுங்க நதியா, பாப்பா பொறந்தநாளுக்கு அதை ஊட்டுக்குக் கொண்டாங்க. கொழந்தைங்க கலர் மாறறதப் பாக்கோணுங்கறாங்க."

எட்டு வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவள் போனதில்லை. இந்துமதி கையைப் பிடித்து அழைத்துப்போய் சோபாவில் உட்காரவைத்தாள். தரையில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வெட்டுத்துணிகளை விரித்திருந்தார்கள். சிவப்பில் விட்டதும் பச்சோந்தி கறுத்தது.

"கறுப்பாவே இருக்குதுங்களே?" என்றார் ஒருவர்.

ஏன் என்று நதியாவுக்குத் தெரியும். "இப்ப மாறிரும்ங்க" என்றாள்.

அது அவள் மணிக்கட்டுக்கே திரும்பி ஏறியது. ஒவ்வொரு காலாகப் பிரித்து, மேலிருந்து பிடித்துத் தூக்கி நீலத்தில் வைத்தாள். பிறகு மஞ்சளில். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது துணியில் அது சீறவில்லை. பட்டப்பகலில் கண்களை மூடிக்கொண்டது. தூங்கிவிட்டது என்று குழந்தைகள் கைதட்டினார்கள்.

வீட்டில் புருஷன் முனீஸிடம், "எல்லாருக்கும் ரொம்பச் சந்தோசம்" என்றாள்.

"அதுக்குப் பயமா இருக்குன்னு ஒனக்குத் தெரியும்லா?" என்றான், அதன் கறுப்பு இன்னும் மாறாததைப் பார்த்து.

அங்கே கொடுத்தனுப்பிய கேக்கை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

அதற்குப்பின் அவள் வந்தாலே அது தண்டுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டது. முனீஸ் கிளையில் விடும் பூச்சியைத் தின்றது. அவள் நீட்டியதைத் தின்னவில்லை. அடுத்த ஞாயிறு ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, ஊருக்கு வெளியே தரிசுநிலத்துப் புதரோரம் கொண்டுபோய்ப் பெட்டியைச் சாய்த்து வைத்தாள். அது வெளியே வரவில்லை. ஒரு கண் புதரைப் பார்த்தது. இன்னொரு கண் அவள் மேலேயே இருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. திரும்பி நின்றுகொண்டாள். இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு, எதிரே வெயிலில் கிடந்த வெற்றுச் சாலையைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் சருகு அசைகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.